வலக்கோடி நாற்காலி

பாடிக்கொண்டிருந்த பெண் மிருதங்கத்தின் பக்கம் திரும்பித் தலையை அசைத்தாள். அவ்வளவுதான். சிதம்பரத்து மண்டபத்தில் நாற்காலிகள் கிறீச்சிடத் தொடங்கின.

நான் முன்வரிசையில், வலக்கோடியில் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே எல்லாம் தெரிந்தது. மடக்கு நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய் இடிக்கிற சத்தம். கால்விரலால் செருப்பைத் தேடுகிற சத்தம். பட்டுப்புடவை உரசல். கதவு திறந்தபோது கார்த்திகை மழையின் ஈரக்காற்றும், கேன்டீனில் பஜ்ஜி வேகிற எண்ணெய் வாசனையும் ஒன்றாக உள்ளே வந்தன.

மேடையில் என் மகள் ஜெசிந்தா வலது கையைத் தூக்கி மிருதங்கத்தின் மேல் வைத்தாள். அடிக்கவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி வைத்தாள்.

அந்தக் கையின் மணிக்கட்டுக்குள் ஒரு தகடும் நாலைந்து திருகாணிகளும் இருக்கின்றன. எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறேன். கதவுக் கீல் போல இருக்கும்.

பக்கத்தில் என் மனைவி ஸ்டெல்லாவின் முட்டி லேசாக எழும்பியது. முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“உக்காரு. இது இன்டர்வெல் இல்ல.”

“தெரியும். காலு மரத்துப் போச்சு,” என்றாள்.

கால் ஒன்றும் மரத்துப் போகவில்லை. என் முட்டியும் எழத்தான் பார்த்தது. அதற்கு ஒரு போண்டாக் கதை இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு மண்டபத்துக்குத் திரும்புகிறேன்.

போண்டா

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்துக் கத்தோலிக்கர்கள். பூசையில் வளர்ந்த உடம்பு. பூசையில் யாரும் எழுதி வைக்காத ஒரு விதி உண்டு. முன்னால் இருப்பவர் எழுந்தால் எழுந்துவிட வேண்டும். முழந்தாளிட்டால் முழந்தாளிட வேண்டும். மனம் எங்கே போயிருந்தாலும் உடம்பு சரியாக இருக்கும். புரியாத பாஷையில் நடக்கிற பூசையைக்கூட இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம்.

சில வருடங்களுக்கு முன்னால் ஜெசியின் முதல் கச்சேரி, இதே சிதம்பரத்தில், வேறொரு சின்ன மண்டபத்தில் நடந்தது. நானும் ஸ்டெல்லாவும், ஸ்டெல்லாவின் தம்பி லூர்துவும் போயிருந்தோம். லூர்து சொந்தமாக ஒரு கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். எங்கள் மூவருக்கும் கர்நாடக சங்கீதம் என்றால் டிவியில் சேனல் மாற்றும்போது வழியில் வருவது, அவ்வளவுதான்.

கச்சேரியில் ஒரு பெரிய பாட்டு முடிகிற சமயத்தில் பாடகர் நிறுத்திக்கொள்வார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் மிருதங்கக்காரருடையது மட்டும். தனி ஆவர்த்தனம் என்று பெயர். மிருதங்கம் கற்கிற பிள்ளைகள் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் வருடக்கணக்காக விரல் தேயத் தேயச் சாதகம் பண்ணுகிறார்கள். கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில்தான் காபிக்கு எழுந்து போகிறார்கள். இரண்டும் வழக்கம். இரண்டும் எங்களுக்குத் தெரியாது.

அன்றைக்குத் தனி தொடங்கியதும் முன்வரிசை எழுந்தது. நாங்களும் எழுந்தோம். அவர்கள் வரிசையாக வெளியே நடந்தார்கள். நாங்களும் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கப் போவதுபோல் கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நடந்தோம். “இன்டர்வெல் உட்டுட்டாங்க மாமா,” என்றான் லூர்து. வரிசை கேன்டீனில் போய் நின்றது.

போண்டா சூடாக இருந்தது. கேன்டீன் மூலையில் ஒரு ஸ்பீக்கர். அதில் மிருதங்கச் சத்தம் வந்துகொண்டிருந்தது. லூர்து வாயில் போண்டாவோடு தலையை ஆட்டினான்.

“யாரு மாமா இது? இன்னா ஸ்பீடு பாத்தீங்களா.”

ஸ்டெல்லா கையிலிருந்த போண்டாவை அப்படியே தட்டில் வைத்தாள். “அடப்பாவி, அது நம்ம ஜெசிடா.”

ஓடினோம். பாட்டு முடியாமல் கதவைத் திறக்கக் கூடாது என்று அங்கே நின்றவர் சொல்லிவிட்டார். கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி இருந்தது. அதில் முறை வைத்துப் பார்த்தோம். சத்தம் கேட்கவில்லை. அவள் கை மட்டும் ஆடியது.

கச்சேரி முடிந்து ஜெசி வந்து, “எப்புடி இருந்துச்சு?” என்று கேட்டபோது லூர்துதான் சொன்னான், “சட்னிதான் காரம் ஜாஸ்தி.”

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்போம். அவள் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முக்கியமான எதையாவது யாராவது தவறவிட்டால், “போண்டா சாப்புடப் போயிட்டியா?” என்றுதான் கேட்போம்.

கெளம்பு, கெளம்பு

போன வாரம் இந்தத் தொடரில் பெண்ணாடத்துக் கரும்பு லாரிகள் பஸ்களை எப்படி வழிமறிக்கும் என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, என்னோடு கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்த நண்பர் ஒருவர் போன் செய்தார். “உன் எழுத்தும் பஸ்ஸு மாதிரியே ஓடுதே, கொஞ்சம் நின்னு போகக் கூடாதா?” என்று கேட்டார். கூடாது என்றில்லை. தெரியாது.

நான் கடலூர் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக இன்று படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். விசில் ஊதி வண்டிகளை நேரத்துக்கு அனுப்புவது என் வேலை. டீயை ஊதி ஊதிக் குடிக்கிற டிரைவர், சில்லறையைப் பிரித்து அடுக்குகிற கண்டக்டர், திருவந்திபுரத்தில் முகூர்த்தம் முடித்து மாலையும் கழுத்துமாக மெதுவாக ஏறுகிற மாப்பிள்ளை, எல்லாருக்கும் நான் சொல்வது ஒரே சொல்தான். கெளம்பு.

வீட்டிலும் அதே. பூசைக்குக் கெளம்பு. ஸ்கூலுக்குக் கெளம்பு. “கல்லறைக்குக்கூட இந்த மனுசன் டயத்துக்கு முன்னாடி போயி நின்னுடுவாரு,” என்று ஸ்டெல்லா சொல்வாள்.

ஜெசி மட்டும் சின்ன வயதிலிருந்தே இந்தச் சொல்லுக்கு அசையமாட்டாள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில் மணி அடித்து ஓய்ந்த பிறகு, உயிர்ப்பு இரவு வரைக்கும் கோயிலில் மணிக்குப் பதில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். வறண்ட சத்தம். மற்றப் பிள்ளைகள் அதைக் கேட்டு அம்மா மடியில் ஒளியும். இவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அடுத்த தட்டுக்காகக் காத்திருப்பாள். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் அதே இடைவெளி விட்டுத் தட்டுவாள். நான் சீக்கிரம் சாப்பிடச் சொன்னால், இடைவெளி முடியும்வரை வாய் திறக்கமாட்டாள்.

பாடற்குழுவில் டோலக் கொடுத்தார்கள். பிறகு ஒரு நாள் மிருதங்கம் கேட்டாள். பொம்பளைப்பிள்ளைக்கு எதற்கு இது, கீபோர்டு கற்றுக்கொடுத்தால் கல்யாணப் பூசைக்காவது உதவும் என்றார்கள் உறவினர்கள். பி.காம். முடித்துவிட்டுச் சிதம்பரத்தில் மிருதங்கம் படிக்கச் சேர்ந்தாள். தினமும் போய்வர பஸ். அந்த வண்டிக்கு விசில் ஊதுகிறவன் நான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டுவாள். எனக்கு அது வேலையாகவே தோன்றியதில்லை.

உளுந்து

சிதம்பரம் பக்கம் உளுந்து அறுவடை ஆனதும் செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்து, காய் உடைந்து, பருப்பு உதிரும். தனியாக அடிக்க வேண்டாம். பஸ் டிரைவர்கள் திட்டிக்கொண்டே ஏற்றுவார்கள். எனக்குத் தெரிந்து எல்லா வருடமும் நடக்கிறது.

இந்த வருடம் பங்குனியில் ஒரு மதியம். வகுப்பு முடிந்து ஜெசி, தன்னோடு படிக்கிற வித்யாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறாள். வித்யா வாய்ப்பாட்டு. அவள் வீடு பரங்கிப்பேட்டைக்குப் போகிற வழியில். அங்கே சாப்பிட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. உளுந்துச் செடி மேல் வண்டி வழுக்கியது. வித்யாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஜெசி விழும்போது வலது கையை ஊன்றியிருக்கிறாள்.

நான் விருத்தாசலம் வண்டியை அனுப்பிக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து போன். ஒரு ஆண் குரல். “சார், ஜெசிந்தா அப்பாவா? பயப்படாதீங்க.”

பயப்படாதீங்க என்பதைப் போல பயமுறுத்துகிற சொல் தமிழில் இல்லை. அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. வாயில் விசில் இருந்தது, அதை எடுக்காமலே “சொல்லுங்க” என்றிருக்கிறேன்; அது ஊதி, பாண்டிச்சேரி வண்டி ஒன்று கிளம்பிப் போய்விட்டது. இதைப் பிறகு சக ஊழியர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இன்றைக்கும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் முதலில் வாயிலிருந்து விசிலை எடுத்துவிடுகிறேன். கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணிடம், “யாருக்கு இன்னா ஆச்சு?” என்று கேட்டிருக்கிறேன். அவள் பாவம், போனை வைத்துவிட்டாள்.

வித்யா ஆஸ்பத்திரிக்கும் வந்தாள், வீட்டுக்கும் வந்தாள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கி வருவாள். ஸ்டெல்லா வாங்கி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அந்தப் பெண் மேல் என்ன தப்பு என்று ஒரு நாள் கேட்டேன்.

“தப்பு உளுந்து மேலதான்னு எனக்கும் தெரியுது,” என்றாள். “உளுந்து மேல கோவப்பட முடியலியே.”

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இட்லி குறைந்தது. ஏன் என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

எட்டு

கட்டு அவிழ்த்த பிறகும் வலது கைக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ரப்பர் பந்தை அமுக்குவதோடு சரி. ஆனால் ஜெசியால் சும்மா இருக்க முடியவில்லை. இடது கையால் மிருதங்கத்தின் இடப்பக்கத்தை மட்டும் தட்டிக்கொண்டு, வலக்கை வாசிக்க வேண்டிய தகதிமிச் சொற்களை வாயால் சொல்லிப் பழகினாள். தாளம் போடக் கை இல்லை. அதனால் என்னைக் கூப்பிட்டாள்.

“உக்காருப்பா. எட்டு வரைக்கும் எண்ணத் தெரியுமில்ல?”

ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு. திரும்ப முதலிலிருந்து. ஆதி தாளம். இதில் என்ன கஷ்டம் என்று உட்கார்ந்தேன். அரை மணிக்குள் வியர்த்துவிட்டது. எட்டை எண்ணுவது கஷ்டமில்லை. ஒவ்வொரு எட்டையும் முந்தின எட்டின் அளவிலேயே எண்ண வேண்டும். நான் ஓடினேன். வாழ்நாள் முழுக்க வண்டிகளைத் துரத்தின கை, அதற்கு வேறென்ன தெரியும்?

“ஓடாதப்பா,” என்பாள். நிற்பேன். மறுபடி ஓடுவேன்.

ஆவணி வாக்கில் வலது கையும் மிருதங்கத்தில் ஏறியது. மெதுவான பாடங்கள் வரை பிரச்சினை இல்லை. வேகம் கூடும்போது உதட்டைக் கடிப்பாள். அவள் உதட்டைக் கடிப்பதைப் பார்த்தால் என் தாளம் பிய்த்துக்கொண்டு போகும். அது ஏன் என்று எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. வலி சீக்கிரம் முடிந்துவிடட்டும் என்று நான் அவளை முடிவை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தேன். அவளும் என் ஓட்டத்தோடு ஓடுவாள். ஓடினால் கை இன்னும் வலிக்கும். பாதியில் நிறுத்துவாள். அந்த மாதங்களில் ஒரு தனியைக்கூட அவள் முழுதாக வாசித்து முடித்ததில்லை.

ஸ்டெல்லா பி.எட். விண்ணப்பம் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எலும்பு டாக்டரே, கனமான வேலை இந்தக் கைக்கு ஒத்துவருமா என்று போகப் போகத்தான் தெரியும் என்றுதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க அந்தக் கைக்குத் தலையணை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். இன்னொரு முறை அந்தக் கைக்கு எதுவும் ஆகக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணம் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் வித்யாவுக்குச் சிதம்பரம் மண்டபத்தில் ஒரு மாலைக் கச்சேரி கிடைத்தது. மிருதங்கத்துக்கு யார் என்று கேட்டபோது ஜெசியின் பெயரைச் சொல்லிவிட்டாள்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஜெசி எங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள். “இந்தக் கச்சேரி வாசிக்கிறேன். கை தாங்கலன்னா நானே விட்டுட்டு பி.எட். சேந்துடறேன். நீங்க யாரும் சொல்ல வேணாம்.”

கச்சேரி நாளன்று லூர்துவின் காரில் போகும்போது என் பக்கம் குனிந்து, அம்மாவுக்குக் கேட்காமல் சொன்னாள். தனியைக் கடைசியில் கோர்வை என்ற ஒன்றை மூன்று முறை வாசித்து முடிப்பார்கள். சின்னக் கோர்வையும் உண்டு, பெரியதும் உண்டு. “கை ஒத்துழைக்கலன்னா சின்னதை வச்சு முடிச்சிடுவேன்ப்பா. கேக்குறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. உனக்கும் எனக்கும்தான் தெரியும்.”

பெரிய கோர்வை எனக்கு நன்றாகத் தெரியும். அதன் நடுவில் கை சும்மா நிற்கிற இடங்கள் உண்டு. சொல் எதுவும் விழாது. தாளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். வீட்டில் நான் எப்போதும் கவிழ்ந்தது அந்த இடங்களில்தான்.

மறுபடியும் மண்டபத்தில்

மிருதங்கக்காரர் மேடையில் பக்கவாட்டாக, வயலினைப் பார்த்து உட்காருவார். பார்வையாளர் பக்கமிருந்து பார்த்தால் மிருதங்கம் இடது கை ஓரம். அங்கிருந்து நிமிர்ந்தால் வயலின்காரரின் தோளுக்கு அந்தப் பக்கம் தெரிவது முன்வரிசையின் வலக்கோடி நாற்காலி. அதனால்தான் சீக்கிரமே வந்து அதில் உட்கார்ந்தேன். அவள் நிமிரும்போது என் கை அவள் கண்ணில் பட வேண்டும்.

கச்சேரி தொடங்குமுன் வித்யா வந்து, “ஆன்ட்டி,” என்றாள். ஸ்டெல்லா புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ரொம்ப நேரம் சரிசெய்தாள்.

தனி தொடங்கியது. முதலில் மெதுவாக. மழை நாளில் தோல் கொஞ்சம் தளரும் என்பாள் ஜெசி; மேடை ஏறுமுன் கல்லை வைத்துத் தட்டித் தட்டிச் சுருதி கூட்டியிருந்தாள். ஒவ்வொரு தட்டும் நனைந்த ஓட்டில் சொட்டு விழுவதுபோல் தனித்தனியாக வந்தது. வித்யா மடியில் தாளம் போட்டாள். இங்கே நான் என் தொடையில் போட்டேன். கதவருகே நின்றிருந்த லூர்து, எழுந்து வந்தவர்களிடம், “இன்னா சார் எல்லாரும் எறங்குறீங்க? இங்க ஸ்டாப்பிங் இல்ல சார்,” என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். நாலைந்து பேர் பயந்து திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள் என்று பிறகு பெருமையடித்துக்கொண்டான்.

நீண்ட தூர வண்டிகள் வழியில் ஒரு ஓட்டலில் நிற்கும். எல்லாரும் இறங்கிவிடுவார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும் இறங்காமல் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். மண்டபம் அப்படி இருந்தது. மீதமிருந்தவர்களில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைக்கூட எனக்கு அப்போது பிடித்திருந்தது. அவர் எழுந்து போகவில்லையே.

வேகம் கூடியது. ஜெசி உதட்டைக் கடித்தாள்.

என் கை ஓட ஆரம்பித்தது. எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேனே. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வீட்டில் பார்ப்பதுபோலத்தான். நான் இன்னும் அழுத்தி, எல்லாருக்கும் தெரியும்படி தட்டினேன். உதவி செய்கிறேன் என்று நினைத்தேன்.

மிருதங்கம் ஒரு கணம் தடுமாறியது. படிக்கட்டில் கால் தவறி அடுத்த படியில் ஊன்றுவது போல.

ஸ்டெல்லா என் காதருகே குனிந்தாள். தாளம் என்றால் என்னவென்றே தெரியாதவள்.

“இன்னாங்க, பஸ்ஸையா கெளப்புறீங்க? கைய சும்மா வைங்க.”

மேடையில் ஜெசி தலையைத் திருப்பினாள். வித்யாவின் பக்கம். வித்யாவின் கை, மடியில், அவசரமில்லாமல் விழுந்து எழுந்தது. ஜெசி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். பிறகு என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

எனக்கு அவமானமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. பயமாக இருந்தது. இத்தனை மாதமாக அந்தக் கையை நான்தான் தூக்கி நடத்துகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பிடியை விட்டால் விழுந்துவிடும் என்று. இரண்டு கையையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். ஐம்பதைத் தாண்டிய ஆள், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கின பையன்போல.

மணிக்கட்டைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். வெள்ளைத் தழும்பு மேடை விளக்கில் பளபளத்தது. வேகமான சொற்கள் கொட்டின. முடியப்போகிறது என்று தெரிந்தது. சின்னதா, பெரியதா? சின்னதாக இருந்தால் பரவாயில்லை என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. சின்னதாகவே இருக்கட்டும், கையாவது பிழைக்கும் என்றது. அந்தக் குரலை நான் இங்கே மறைக்க விரும்பவில்லை.

அப்போது அந்த இடைவெளி வந்தது.

கை காற்றில் நின்றது. மண்டபத்தில் சத்தமே இல்லை. கூரைமேல் மழை கேட்டது. கேன்டீனில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. தொடைக்கு அடியில் என் விரல்கள் துடித்தன. நான் விடவில்லை. அவள் காத்திருந்தாள், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரக்கட்டைக்காகக் காத்திருந்த அதே முகத்தோடு. பிறகு சொல் விழுந்தது, விழ வேண்டிய இடத்தில்.

பெரிய கோர்வை.

இரண்டாம் முறை இன்னும் அழுத்தமாக வந்தது. மூன்றாவதில் ஒரு சொல் சரியாக விழவில்லை. மழுங்கலாகக் கேட்டது, கை சலித்திருக்க வேண்டும். ஆனால் இடைவெளியை அவள் குறைக்கவில்லை. அதை முழுதாகக் கொடுத்தாள். முடித்த இடத்தில் வித்யா பாட்டின் அடியை எடுத்தாள். இரண்டு பேரும் ஒரே படியில் கால் வைத்தார்கள்.

கைதட்டல் பெரிதாக இல்லை. பாதி நாற்காலிகள் காலி. காபி குடித்துவிட்டு வந்து கதவருகே நின்றவர்கள், கையில் குடை இருந்ததால், ஒரு கையால் தொடையில் தட்டினார்கள். என் கைகள் மரத்துப்போயிருந்தன. எனக்குத் தட்ட வரவில்லை. ஸ்டெல்லா எனக்கும் சேர்த்துத் தட்டினாள்.

ரோஸ்மில்க் கடை ஐஸ்

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஜெசி தரையில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் அழவில்லை.

வலிக்குதா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வலிக்கிறது என்று பார்த்தாலே தெரிகிறதே.

“போண்டா சாப்ட்டீங்களா?” என்றாள்.

“இன்னிக்கி பஜ்ஜி. நாங்க போகல,” என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு, “மூணாவது வாட்டி ஒரு சொல்லு போயிடுச்சுப்பா,” என்றாள்.

கேட்டது என்று தலையை ஆட்டினேன். கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவளுக்குப் பிடித்திருக்காது.

லூர்து எங்கேயோ ஓடி, ரோஸ்மில்க் கடையிலிருந்து பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி வாங்கி வந்தான். பையின் அடியில் சிவப்பாகக் கொஞ்சம் சர்பத்தும் இருந்தது. ஸ்டெல்லா அதை வாங்கித் தன் கைக்குட்டையில் சுற்றி மகளின் மணிக்கட்டில் வைத்தாள். எல்லாரும் ஸ்டெல்லாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜெசியும். அவள் வாக்குக் கொடுத்தது எங்களுக்குத்தான் என்றாலும், பயந்தது அம்மாவுக்கு.

ஐஸ் உருகிக் கைக்குட்டை ரோஸ் நிறமானது. ஸ்டெல்லா அதைப் பிழிந்துவிட்டு மறுபடி சுற்றினாள்.

“ஞாயித்துக்கெழம பூசைக்கு டோலக் வாசிக்காத,” என்றாள், மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே. “கை ரெஸ்ட்ல இருக்கட்டும். திங்கக்கெழம கிளாஸ் இருக்குதில்ல, அப்ப பாத்துக்கலாம்.”

பி.எட். பற்றி அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

வித்யா வாசலில் ஒதுங்கி நின்றிருந்தாள். ஸ்டெல்லா எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். “பாடிப் பாடித் தொண்டை காஞ்சிருக்கும். ஏன் அங்கயே நிக்குற? வா, சாப்ட்டுட்டுப் போலாம்.”

மேலவீதிப் பக்கம் ஒரு ஓட்டலில் ஐந்து பேரும் உட்கார்ந்தோம். என்ன வேண்டும் என்று கேட்டதும் ஸ்டெல்லாதான் முதலில் சொன்னாள், எல்லாருக்கும் இட்லி.

திங்கட்கிழமை

விபத்துக்குப் பிறகு ஜெசி மறுபடி வகுப்புக்குப் போகத் தொடங்கியதிலிருந்து, நானும் டூட்டியை மாற்றிப் போட்டுக்கொண்டு அதே வண்டியில் போய் வந்துகொண்டிருந்தேன். வகுப்பு முடியும்வரை கோயில் குளக்கரையில் உட்கார்ந்திருப்பேன்.

திங்கட்கிழமை காலை அவள் மிருதங்கப் பையைத் தோளில் மாட்டும்போதே சொல்லிவிட்டாள். “நீ வராதப்பா. நான் போயிட்டு வந்துடறேன்.”

அன்று எனக்குக் காலை டூட்டி. மழை விட்டிருந்தது. சிதம்பரம் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மிருதங்கம் மடியில். ரோட்டில் எங்கெங்கே தண்ணீர் நிற்கும், எந்த வளைவில் பள்ளம், எல்லாம் எனக்குப் படம்போல ஓடியது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு டிரைவர் டீயை மெதுவாகக் குடிக்கட்டும் என்று நினைத்தேன். அவர் குடித்து முடித்து, வந்து ஏறி, என்னைப் பார்த்தார். நான் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஜெசி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“அப்பா, டயம் ஆச்சு.”

ஊதினேன். வண்டி பின்னால் வந்து, திரும்பி, சேற்றுத் தண்ணீரைத் தெறிக்கவிட்டுக்கொண்டு வெளியே போனது. அவள் கை காட்டினாள், வலது கையால். வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் என் விரல்கள் பேன்ட்டின் மேல் தட்டிக்கொண்டிருந்தன. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். கவனித்ததும் கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன்.

அடுத்து நெய்வேலி வண்டி. அதற்கு இன்னும் நேரம் இருந்தது.